காய்கறிச் செலவும் ஐந்து சென்ட் நிலமும்

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ஒரு மனக்கணக்கும் கூடவே புறப்பட்டு வருகிறது. மொட்டைமாடியில் இருபது, இருபத்தைந்து பைகளை வைத்தால் போதும். ஆண்டு முழுவதும் கடைக்குப் போக வேண்டியதில்லை. மாதம் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு டெல்லியில் கிலோ 90 ரூபாய் என்று மானிய விலையில் விற்கத் தொடங்கி, ஒரு வாரத்திற்குள் 70 ரூபாய்க்கு இறக்கியது. அந்த வாரங்களில் வீட்டுத்தோட்ட அறிவுரை ஏறக்குறைய ஒரு பொருளாதாரக் கொள்கையாகவே பேசப்பட்டது. செடி வளர்ப்பதன் மீது எவருக்கும் பகை இருக்க இயலாது. ஆனால் 'மிச்சம்' என்ற சொல்லை முன்வைத்து ஒரு செயல் பரிந்துரைக்கப்படுமானால், அந்த மிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது ஆய்வுலகத்தின் கடமை. கணக்கிட்டால் வீட்டுத்தோட்டத்தின் மெய்யான பயன் வேறோர் இடத்தில் இருப்பதும், அதைப் பெறக் கூடியவர்கள் வேறு மக்கள் என்பதும் தெரியவரும்.

முதலில், ஒரு குடும்பம் காய்கறிக்கு எவ்வளவு செலவிடுகிறது? 2022–23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் ஒருவருக்கான மாதச் சராசரி நுகர்வுச் செலவு 6,459 ரூபாய். அதில் காய்கறியின் பங்கு 3.80 விழுக்காடு, அதாவது சுமார் 245 ரூபாய். ஊரகத்தில் சராசரிச் செலவு 3,773 ரூபாய். காய்கறியின் பங்கு 5.38 விழுக்காடு, சுமார் 203 ரூபாய். நால்வர் கொண்ட நகர்ப்புறக் குடும்பம் மாதத்திற்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவிடுகிறது. இத்தொகையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடக்கம். அவ்விரண்டையும் பைகளில் விளைவித்துக் குடும்பத்தின் தேவையை நிறைவு செய்தவர் அரிது. ஆகவே சராசரிக் குடும்பத்தைப் பொறுத்தவரை 'மாதம் சில ஆயிரம் மிச்சம்' என்பது செலவழிக்கப்படாத பணத்தை மிச்சப்படுத்துவதாகும். இச்செலவைக் காட்டிலும் பன்மடங்கு கூடுதலாகக் காய்கறி வாங்கும் வீடுகள் உண்டு. அவை இந்த அறிவுரையின் தேவை மிகக் குறைந்த வீடுகள்.

அடுத்து, விளைச்சல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியைப் பரிந்துரைக்கிறது. நால்வருக்கு 1.6 கிலோ; ஆண்டுக்கு ஏறத்தாழ 584 கிலோ. இருபத்தைந்து பைகள் உள்ள ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பையும் ஒரு போகத்திற்கு 2 கிலோ தருகிறது, ஆண்டுக்கு இரண்டு போகம் தவறாமல் எடுக்கப்படுகிறது, மாவுப்பூச்சியோ அணிலோ குரங்கோ பங்கு கேட்கவில்லை என்றெல்லாம் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மொத்தம் 100 கிலோ. ஆண்டுத் தேவையில் ஆறில் ஒரு பங்கு. கிலோ 40 ரூபாய் என்று மதிப்பிட்டால் 4,000 ரூபாய். நாளொன்றுக்கு அரை மணி நேர உழைப்பு எனில் ஆண்டுக்கு 182 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 22 ரூபாய் தேறும். கேரளத்தில் 2024–25ஆம் ஆண்டுக்கான மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 346 ரூபாய். எட்டு மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் மணிக்கு 43 ரூபாய். நாட்டின் மிகக் குறைந்த கூலிகளுள் ஒன்றாகப் பேசப்படும் அந்த ஊதியத்தின் பாதியைத்தான் மாடித்தோட்டம் தருகிறது. அதுவும் பைகள், தென்னைநார்த் தூள், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நிழல்வலை, விதை ஆகியவற்றின் விலையைக் கழிப்பதற்கு முன்பு. பைகள் வெயிலில் நைந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் கிழிந்துபோவதைக் கழித்தபின் என்ன மிஞ்சும் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரின் விலை இக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதே இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூருக் குடிநீர் வாரியம், தோட்டத்திற்குக் குடிநீர் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஓராண்டு முழுவதும் மாடியில் காய் பறித்த வீடு ஒரு நாள் குழாயைத் திறந்ததற்கு அந்த ஆண்டின் மொத்த விளைச்சலையும் இழக்கும் என்பது இதன் பொருள். தண்ணீர்த் தட்டுப்பாடு நேரும் கோடையில்தான் பைச்செடிக்கு நாளைக்கு இருமுறை நீர் தேவைப்படுகிறது.

'ஆண்டு முழுவதும்' என்ற சொற்றொடரில்தான் இந்த அறிவுரையின் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. தக்காளி விலை ஏன் ஜூலையில் உயர்கிறது? மே, ஜூன் மாத வெப்பத்தில் பூக்கள் காய்பிடிக்காமல் உதிர்கின்றன, தொடர்ந்து வரும் மழையில் செடிகள் அழுகுகின்றன, வரத்துக் குறைகிறது. டெல்லியின் மொட்டைமாடியில் இருக்கும் தக்காளிச்செடியும் அதே வெப்பத்தில்தான் நிற்கிறது. சொல்லப்போனால் சிமெண்டுத் தளத்தின் சூடும் சேர்ந்து வயலில் உள்ள செடியைவிட மோசமான நிலையில் நிற்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் மாடியில் தக்காளி காய்த்துக் குலுங்கும்போது சந்தையிலும் விலை சரிந்து கிடக்கிறது. மலிந்த காலத்தில் மிகுதியாகத் தந்து, விலையேறிய காலத்தில் கைவிரிக்கும் சேமிப்பை எந்தப் பொருளியலாளரும் காப்பீடு என்று அழைக்கமாட்டார். வீட்டுத்தோட்டம் விலையேற்றத்திலிருந்து காக்கும் என்ற வாதம் தக்காளியைப் பொறுத்தவரை ஏறக்குறைய தலைகீழான உண்மை. சந்தையைக் கெடுக்கும் வானிலையே வீட்டுச்செடியையும் கெடுக்கிறது. சந்தைக்காவது கோலாரிலிருந்தோ நாசிக்கிலிருந்தோ லாரி வரும். மாடிக்கு வேறு மாடியிலிருந்து ஏதும் வருவதில்லை.

இதை அறிந்தே வட இந்தியச் சமவெளியின் பழைய வீட்டுத்தோட்டங்கள் தக்காளியை நம்பியிருக்கவில்லை. வெயில் காலத்திற்குச் சுரையும் பீர்க்கும் பாகலும் வெண்டையும். குளிர்காலத்திற்கு வெந்தயக்கீரையும் பாலக்கும் முள்ளங்கியும் பட்டாணியும். கூரை மேலும் வேலி மேலும் கொடிகள் ஏறின. அவற்றுக்கென்று தனி நிலம் தேவைப்படவில்லை. தெற்கிலும் கிழக்கிலும் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் தரும் செடி கொடிகள். முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, கோவைக்காய், சுண்டைக்காய், பப்பாளி, வாழை, சேம்பு. வாழையில் பூவும் தண்டும் காயும் கறியாகின்றன. சேம்பில் இலையும் கிழங்கும். இவை விதைக் கடையையோ உரப் பொட்டலத்தையோ எதிர்பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவிய நீரிலும் சாம்பலிலும் பிழைத்துக்கொள்ளும். மேற்கண்ட கூலிக்கணக்கு இவற்றின் முன் தோற்றுவிடுகிறது. ஏனெனில் உழைப்பு ஏறக்குறைய இல்லை. மெய்யாகவே பணம் மிச்சப்படுத்தும் தோட்டம் இதுதான்: தக்காளியும் குடைமிளகாயும் புரோக்கோலியும் இல்லாத, படமெடுத்துப் பகிர்ந்தால் எவரும் வியக்காத தோட்டம். ஆனால் முருங்கை பையில் நன்கு வளர்வதில்லை. வாழைக்குத் தரை வேண்டும். பேச்சு இங்கே செடியிலிருந்து நிலத்துக்குத் தாவுகிறது. அறிவுரை வழங்குவோர் பெரும்பாலும் நின்றுவிடுவதும் இங்கேதான்.

நிலத்திற்குள் செல்லுமுன் உழைப்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். 'ஓய்வு நேரத்தில் செய்யலாம்' என்பது வீட்டுத்தோட்டக் கையேடுகள் யாவற்றிலும் காணப்படும் தொடர். யாருடைய ஓய்வு? 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடங்கள். ஈடுபட்ட ஆண்களின் நேரம் 97 நிமிடங்கள். அங்கன்வாடிகளின் வழியே முன்னெடுக்கப்படும் ஊட்டச்சத்துத் தோட்டமாயினும், மகளிர் குழுக்களின் வழியே வழங்கப்படும் விதைப் பொட்டலமாயினும், அது சென்று சேர்வது ஏற்கெனவே ஐந்து மணி நேரம் உழைத்து முடித்த கையில். நகரத்தில் மாலைப்பொழுதில் செடிக்கு நீரூற்றுபவருக்கு அது மன இளைப்பாறல்; அதற்கு விலை கேட்பது சிறுமை. ஊரகத்தில் இரண்டு குடம் நீரைத் தொலைவிலிருந்து சுமந்து வருபவரிடம் மூன்றாவது குடத்தைத் தோட்டத்திற்காகக் கேட்கும்போது, அது 'இலவச' உழைப்பென்று கணக்கில் எழுதப்படுவது நேர்மையன்று.

ஏழைக் குடும்பங்களைப் பொறுத்தவரை 'மிச்சம்' என்ற கருத்தே சற்று வழி தவறியது. காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தினால்தான் பணம் மிஞ்சும். வாங்கவே முடியாதிருந்தவர் வீட்டில் விளைந்த கீரையைச் சமைத்தால் பையில் ஒரு ரூபாயும் கூடாது. தட்டில் கீரை கூடும். வீட்டுத்தோட்டம் குறித்த ஆய்வுகளில் பொதுவாகத் தெளிவாக நிற்கும் முடிவு இதுவே: வருமானத்தைவிட உணவின் பல்வகைமையில்தான் அதன் விளைவு உறுதியாகக் காணப்படுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கும் நாட்டில், இந்தக் கீரையைப் பணமாக மாற்றிப் பார்த்துச் சிறிதென்று ஒதுக்குவது தவறான அளவுகோல். கீரை மட்டுமே இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று சொல்வதும் அதே அளவு தவறு.

புள்ளியியலில் இதற்கோர் வேடிக்கையான பின்விளைவு உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் மரபுப்படி, வாங்கிய கத்தரிக்காய் கடை விலையில் பதிவாகிறது. வீட்டில் விளைந்து உண்ணப்பட்ட கத்தரிக்காய் விளைநில விலையில் மதிப்பிடப்படுகிறது. ஒரே எடையுள்ள காயை ஒரே நாளில் உண்ட இரண்டு வீடுகளில், தோட்டம் உள்ள வீடு செலவுக் கணக்கில் சற்று வறியதாகத் தெரியும். போக்குவரத்தும் தரகும் சில்லறை இலாபமும் கழிந்த விலையே அதற்கு எழுதப்படுகிறது. தேசியக் கணக்கு முறையோ வீட்டில் விளைந்த காயை உற்பத்தி என்று ஏற்றுக்கொள்கிறது. அதைச் சமைத்த உழைப்பை ஏற்பதில்லை. செடிக்கு நீரூற்றிய பெண் அந்தப் பொழுதில் நாட்டின் உற்பத்தியில் பங்கேற்கிறார். அடுப்பருகே சென்றதும் வெளியேறிவிடுகிறார். வீட்டுத்தோட்டத்தின் 'மிச்சத்தை' அளக்க முற்படும் எந்த ஆய்வேடும் தான் எந்த விலையை, எந்த உழைப்பை எண்ணியது என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி நிலம். இதற்குக் கேரளத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அங்கு வீட்டுத்தோட்டம் அரசுக் கொள்கையாகவும் பொதுமக்கள் பழக்கமாகவும் ஒருங்கே உள்ளது. ஓணத்திற்கு ஒரு முறம் பச்சைக்கறி என்ற பெயரில் வேளாண் துறை பண்டிகைக்கு முன்பே விதையும் நாற்றும் வழங்குகிறது. முறம் என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. ஒரு வீட்டிற்குப் போதுமான அளவு என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. இத்திட்டத்தின் பின்னணியில் பணமிச்சம் முதன்மையானதாக இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் எல்லை தாண்டி வரும் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்ற குற்றச்சாட்டு 2015இல் இரு மாநிலங்களுக்கிடையே பெரும் சர்ச்சையானது. தமிழ்நாடு அதை மறுத்தது. அச்சத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது தனியே விவாதிக்க வேண்டியது. எவ்வாறாயினும், 'நஞ்சில்லாத காய் வேண்டும்' என்ற காரணம் 'பணம் மிஞ்சும்' என்ற காரணத்தைவிடத் தன் விலையை வெளிப்படையாகச் சொல்லும் காரணம். கூடுதல் உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது எது என்பது அதில் மறைக்கப்படவில்லை.

ஆனால் கேரளத்தில் இத்தகைய திட்டம் பரவலாக வேர்பிடிக்க முடிந்ததற்கு விதைப் பொட்டலத்தைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம், நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்குத் தம் குடிசையைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் வரை. நினைத்த நேரத்தில் வெளியேற்றப்படக் கூடியவர் முருங்கைக் கொம்பு நடமாட்டார். பல ஆண்டுகள் கழித்துப் பலன்தரும் தென்னையை நிச்சயம் நடமாட்டார். வெளியேற்ற முடியாத பத்து சென்ட் கிடைத்தபின் கோவைக்கொடிக்குப் பந்தல் வந்தது. வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகள், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு முழுமைக்குமான காய்கறித் தேவைக்குச் சுமார் 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட் நிலம் போதும் என்கின்றன. அந்தச் சட்டம் காய்கறித் திட்டமாக எழுதப்பட்டதன்று. ஆயினும் நாட்டின் மிகப் பயனுள்ள காய்கறித் திட்டங்களுள் ஒன்றாக அதை எண்ணுவதில் மிகையில்லை.

அச்சட்டம் எவரை விட்டுவிட்டது என்பதும் இக்கணக்கில் சேர வேண்டும். தோட்டப் பயிர் நிலங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. லயத்தின் பக்கத்தில் இரண்டு பாத்தி கீரை போட்டாலும் அம்மண் நிறுவனத்துடையது. பணி ஓய்வோடு வீட்டையும் விட வேண்டும். ஆதிவாசிகளும் கடலோர மீனவர்களும் குடிகிடப்பு உரிமையின் பெரும்பயனைப் பெறாதவர்களே. இன்று நிலமற்ற குடும்பங்களுக்கு லைஃப் திட்டத்தின்கீழ் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கட்டித்தரப்படுகின்றன. நல்ல கூரை, ஆனால் மூன்றாம் தளத்தில் வாழைக்கு இடமில்லை. பத்து சென்ட் பெற்றவரின் பேத்திக்கும் வீடு பெற்றவரின் பேத்திக்கும் ஒரே விதைப் பொட்டலம் வழங்கப்படுகிறது. குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிடுவது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆயினும் குத்தகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அங்கும் பல்லாண்டுப் பயிருக்கு இடமில்லை.

மேற்கு வங்கம் 2011இல் தொடங்கிய நிஜ கிரிஹ நிஜ பூமி திட்டம் இந்த உண்மையை நேரடியாக ஏற்றுக்கொண்ட அரிய முயற்சி. வீடற்ற நிலமற்ற ஊரகக் குடும்பத்திற்கு 5 டெசிமல் வரை நிலம். டெசிமல் என்பதும் சென்ட் என்பதும் ஒரே அளவு. அதாவது வீட்டோடு கொல்லைப்புறத்தில் ஒரு தோட்டத்திற்கும் இடம்தரும் மனை. மாநிலம் முழுவதற்குமான தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிது. நிலம் வாங்கும் செலவு கூடிக்கொண்டே போகிறது என்ற எதிர்வாதமும் உண்மையே. அந்த எதிர்வாதம் ஒரு செய்தியை ஒப்புக்கொள்கிறது: வீட்டுத்தோட்டத்தின் விலை விதையிலோ பயிற்சியிலோ இல்லை, மனையில் இருக்கிறது. விதைப் பொட்டலம் மலிவு என்பதாலேயே அது திரும்பத் திரும்ப வழங்கப்படுகிறது.

பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் விதிமுறை, சமையலிடம் உட்பட வீட்டின் குறைந்தபட்சப் பரப்பை 25 சதுர மீட்டர் என்று வரையறுக்கிறது. வீட்டைச் சுற்றி எவ்வளவு மண் இருக்க வேண்டும் என்பதற்கு அதற்கிணையான எண் ஒன்று இருக்குமானால், ஊட்டச்சத்துத் தோட்டங்களைப் பற்றிய பிற சுற்றறிக்கைகளுக்குப் பொருள் கிடைக்கும். 200 சதுர மீட்டர் எங்கும் இயலாது. அதில் கால்பங்கு, 50 சதுர மீட்டர், ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கோவைப்பந்தல், நான்கு பாத்தி கீரைக்குத் தாராளமான இடம். ஊட்டச்சத்துத் துறையும் வீட்டுவசதித் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்க்க வேண்டிய எண் அது. இதுவரை முதலாவது துறை விதை தருகிறது. இரண்டாவது சுவர் தருகிறது.